எண்பத்தாறு ஜன்னல்

முதல் ஜன்னல் எப்போதும் முரண்டு பிடிக்கும். தபீதாள் அக்கா அதன் கீழ்க்கதவை இடுப்பால் ஓர் இடி இடித்து, கையிலிருக்கும் துரட்டியால் மேல் கொக்கியை இழுத்து, “எய்ந்திருடி, மணி ஆறரை ஆவுது” என்பார். அது ஒரு முனகல் முனகிவிட்டுத் திறக்கும். இரண்டாவது சாது, தொட்டால் போதும். மூன்றாவதற்குக் கீல் போய்ப் பல வருஷம் ஆகிறது. சணல் கயிறுதான் அதற்குக் கீல். இப்படிக் கீழே நாற்பத்தொன்று, மேலே நாற்பத்தைந்து. விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் தலைக்கு மேல் முதல் சுற்றுப் போகும்போது அக்கா மாடியில் இருக்க வேண்டும். அப்போதும் கீழேயே இருந்தால் அன்றைக்கு லேட் என்று அர்த்தம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எண்பத்தாறையும் அதே வரிசையில் சாத்துவார். மழை வந்தால் திறந்த கையோடு சாத்த வேண்டியதுதான். ஆளே இல்லாத கட்டடத்துக்கு எதற்கு இத்தனை பாடு என்று கேட்காதவர்கள் இல்லை. அக்காவிடம் பதில் தயார்.

“ஆள் இல்லாத வூட்டுக்குத்தான் காத்து ஓணும். ஆள் கீற வூட்ல மனுசன் மூச்சு வுட்டுகினு கீறான் இல்ல?”

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவின் கோடியில், ஒரு காலத்தில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளி அது. வாசல் கல்லில் 1927 என்று வெட்டியிருக்கிறது. 2006-இல் மூடினார்கள். ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம்; அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை காரில் வந்து, காரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 2008 ஜூலையில் அக்கா இங்கே வாட்ச்வுமனாக வந்தார். “ரெண்டே மாசம்னு சொன்னாங்க. அந்த ரெண்டாவது மாசம் இன்னும் முடியல” என்பார்.

வயது ஐம்பத்தேழு. குள்ளம். நைலக்ஸ் புடவைக்கு மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை. கொண்டையில் ஊசிக்குப் பதில் ஒரு பென்சில் குத்தியிருக்கும், அதன் கதை பின்னால் வருகிறது. துரட்டி அவர் உயரத்துக்கு இரண்டு பங்கு. வீடு சேலையூரில். கணவர் லாசரஸ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு ஒரே ஒரு குறை. “எண்பத்தாறு ஜன்னல் தொறக்குறா. எங்க வூட்ல கீறதே ரெண்டு. அதுல ஒண்ண நாந்தான் தொறக்கணும்.”

உள்ளே போனால் முதலில் கண்ணுக்குப் படுவது தரை. சிவப்பு ஆக்சைடு பூசிய தரை. கூடத்தின் நடுவில் மட்டும் ஆயிரம் பேர் நடந்த தடத்தில் நிறம் வெளுத்து வாசலுக்குப் போகிறது. சுவரின் சுண்ணாம்புப் பூச்சு இடுப்புயரம் வரைக்கும் ஈரம் ஏறி உப்பியிருக்கிறது. அதற்கு மேலே இன்னும் முட்டை ஓடுமாதிரி வழவழப்பு. கூரை தேக்கு உத்தரமும் செங்கல்லுமாகப் போட்ட மெட்ராஸ் டெரஸ். வடக்கு மூலையில் ஓர் உத்தரம் கறையான் தின்று தொங்குகிறது. அதன் அடியில் அக்கா ஒரு நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, போகக் கூடாது என்று சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். யாரும் போவதில்லை; போகிறவர் அவர் ஒருவர்தான். மாடி வகுப்பின் கரும்பலகையில் யாரோ எழுதிய கடைசிப் பாடக் குறிப்பு அப்படியே இருக்கிறது: நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு. மதிப்பீட்டுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. மணி அடித்திருக்கும் போல.

அக்காவுக்குப் பிடித்த சாமான் விடுதிப் பகுதியில் மாட்டியிருக்கும் வேலைப் பலகை. தண்ணீர் யார், விளக்கு யார், பெருக்குவது யார் என்று வெள்ளைப் பெயிண்டில் கட்டம் போட்டு, சாக்பீஸில் பெயர் எழுதியிருக்கும். ஜன்னலுக்கு எதிரே, பாதி அழிந்து, ‘ஜெரூஷா.’

“எந்த ஊர்ப் பொண்ணோ. அவ வேலையத்தான் நா செஞ்சுகினு கீறேன். வரட்டும், வந்தா கேக்குறேன்.”

பேய் தேடுகிறவர்களும் வருவார்கள். கைப்பேசியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் குரலைத் தணித்துப் பேசும் யூடியூப் கோஷ்டி. அப்படி ஒரு நாலு பேர் ஒரு சாயங்காலம் சுவரேறிக் குதித்து, “மர்மம் நிறைந்த இந்தக் கட்டடத்தில்...” என்று ஆரம்பித்தபோது, பின்னாலிருந்து துரட்டி வந்து ஒருவன் காலரை மாட்டியது. வீடியோவில் நாலு பேரும் அலறுவது நன்றாகப் பதிவாகியிருக்கிறதாம்.

“பேய் இருக்குதா அக்கா?” என்று அதற்குப் பிறகும் ஒருவன் கேட்டான்.

“இருந்தா வேலைக்கு வெச்சுகினு இருப்பேனே. இம்மாம் பெரிய கூடத்த ஒத்த ஆளா பெருக்கினு கீறேன்” என்றார் அக்கா. பிறகு நாலு பேர் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்தார். மேல் வராந்தா அந்த வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக இருந்த நாள் வேறு இல்லை.

இப்போது பென்சில். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் சின்னவர்களாக இருந்தபோது, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவர்களைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு நேரே பென்சிலால் கோடு கிழித்து வருஷம் போடுவார். 2008 மழைக்குப் பிறகு படிக்கட்டுச் சுவரில் ஒரு விரிசலைப் பார்த்தார். பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தார். விரிசல் முடிகிற இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் 2008. மறு வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்து போய்ப் பார்த்தால் கட்டைவிரல் நீளம் வளர்ந்திருந்தது. இன்னொரு கோடு. அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. எல்லா விரிசலுக்கும் கோடு, எல்லாவற்றுக்கும் வருஷம், பெரியவற்றுக்குப் பெயர்கூட உண்டு. படிக்கட்டு விரிசலுக்குத் தங்கை வீட்டுக்காரர் பெயர், சவுரிமுத்து. “அவரும் அப்டித்தான். எப்ப எந்தப் பக்கம் திரும்புவார்னு சொல்லவே முடியாது.”

“புள்ள வளர்றது நின்னா டாக்டராண்ட போவணும். விரிசல் வளர்றது நின்னா ஸ்தோத்திரம் சொல்லணும்” என்பது அக்காவின் வாக்கு.

இத்தனை செய்த அக்கா அந்தப் பள்ளியில் ஒரு மாணவியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் வந்ததே மூடின பிறகு. அதுதான் அவருக்கு ஆறாத தாபம். “ஒரு தபா, ஒரே ஒரு தபா, பத்து பொண்ணுங்க சத்தம் போட்டுகினு இந்தப் படில எறங்கி வரணும். அத நா பாக்கணும். அப்பால எனக்கு ஒண்ணும் வேணாம்” என்று லாசரஸிடம் சொல்லிச் சொல்லி, அவரே அதை ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் 2024 ஜூன் வரைக்கும் இருந்த கோலம். அந்த ஜூனில்தான் அந்த ஆசைக்குச் சோதனை வந்தது. அறக்கட்டளைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு கட்சி, பழுது பார்த்து வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதியாக்கலாம் என்றது. இன்னொன்று, இடித்து அடுக்குமாடி கட்டலாம் என்றது, பில்டர்கூடப் பார்த்துவைத்திருந்தார்கள். கட்டடம் நிற்குமா நிற்காதா என்று ஓர் இன்ஜினியர் எழுதிக் கொடுக்கட்டும், அதன்படி செய்வோம் என்று முடிவாயிற்று.

வந்தவர் பட்டாபிராமன். பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், மாடம்பாக்கத்துக்காரர். தலையில் தொப்பி, ஒரு கையில் டார்ச், மறு கையில் சின்னச் சுத்தியல். ஒவ்வோர் உத்தரத்தையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சிரிப்பு என்பது அவர் சட்டைப்பையில் இருக்கிற சாமான் இல்லை என்று அக்காவுக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. முக்கியமான பதினொரு விரிசல்களின் மேல், இரண்டு விரல் அகலக் கண்ணாடித் துண்டைக் குறுக்கே வைத்து, இரு முனையிலும் பூச்சுக் குழைத்து ஒட்டி, சிவப்புப் பெயிண்டில் எண்ணும் தேதியும் எழுதினார்.

“சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் இந்தக் கண்ணாடி உடைஞ்சிடும். ஒரு மழைக்காலம் போகட்டும். ஜனவரில வந்து பார்க்கறேன். பதினொண்ணும் முழுசா இருந்தா பில்டிங் ஸ்டெடி. படிக்கட்டுல இருக்கிற ஏழாம் நம்பர் ரொம்ப முக்கியம். இதை யாரும் தொடக் கூடாதும்மா.”

“நா பாத்துக்கிறேன் சார். ஒருத்தன் கிட்ட வர மாட்டான்” என்றார் அக்கா.

பார்த்துக்கொண்டார். புறா வந்தால் விரட்டினார். யூடியூப் கோஷ்டியைப் படிக்கட்டுப் பக்கமே விடவில்லை. சனிக்கிழமைதோறும் செய்தித்தாளை நனைத்துப் பதினொரு கண்ணாடியையும் பளபளவென்று துடைத்தார். யாரும் தொடக் கூடாது என்று சொன்னதில் தானும் உண்டு என்று அவருக்குத் தோன்றவேயில்லை. கண்ணாடி என்று ஒன்று இருந்தால் அதில் தூசி இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நல்ல அழுத்தம் கொடுத்துத் துடைத்தபோது, ஏழாம் நம்பர் ‘டிக்’ என்றது.

சுவர் நகரவில்லை, கைதான் நகர்ந்தது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? பதினாறு வருஷம் காப்பாற்றிய கட்டடத்தைத் தானே ஓர் ஈரக் காகிதத்தால் கவிழ்த்துவிட்டோமே என்று அக்கா அன்று ராத்திரி லாசரஸிடம் புலம்பினார்.

“போன் பண்ணி இன்ஜினியராண்ட சொல்லிடு” என்றார் லாசரஸ்.

“சொன்னா இடிச்சிடுவாங்கய்யா.”

சாமான் அறையில் பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்று கிடந்தது. அதைக் கடையில் கொடுத்து இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்து, சிமென்ட் குழைத்து ஒட்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷால் எண்ணையும் தேதியையும் பார்த்துப் பார்த்து எழுதினார். அதற்குப் பிறகு அந்த மழைக்காலம் முழுக்க அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. சர்ச்சில் கண்ணை மூடினால் இருட்டில் ஏழு என்று சிவப்பாகத் தெரிந்தது. அந்த வருஷக் குறிகளைப் போடும்போதுகூடச் சவுரிமுத்துவின் முகத்தைப் பார்க்காமலே போட்டார்.

ஜனவரியில் பட்டாபிராமன் வந்தார். ஒன்று, முழுசு. இரண்டு, முழுசு. தாளில் ‘டிக்’ போட்டுக்கொண்டே வந்தார். படிக்கட்டில் ஏழாம் நம்பர்மேல் டார்ச் அடித்தார். ஒரு விநாடி. ‘டிக்’ போட்டுவிட்டு எட்டுக்கு நடந்தார்.

முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தே போயிற்று. அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் சுபம். எட்டு வரைக்கும் இருந்தார். ஒன்பது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பத்தாவதில் முடியவில்லை.

“சார். அந்த ஏழு, நா ஒட்டினது.”

பட்டாபிராமன் பேனாவை மூடினார். “என்னம்மா சொல்றீங்க?”

“நீங்க ஒட்டினது ஒடஞ்சி போச்சு. நாந்தான் ஒடச்சேன். தொடச்சேன் சார், ஒடஞ்சிது.”

“தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?”

“மத்தவங்களத்தான சொன்னீங்க.”

அவர் படிக்கட்டுக்குத் திரும்பி வந்து, ஏழாம் நம்பருக்கு எதிரே படியில் உட்கார்ந்துவிட்டார். கோபித்திருந்தால்கூடத் தேவலை. தணிந்த குரலில் சொன்னார்: “ஏழு இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. இன்னொரு மழைக்காலம் பார்க்கணும். அவங்க வெயிட் பண்ண மாட்டாங்க. பில்டர் ரெடியா இருக்கார்.”

அக்கா அழுதார். சும்மா சொல்லக் கூடாது, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, விக்கி விக்கி அழுதார். பட்டாபிராமனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகிற ஆளைப் பார்க்காமல் இருப்பதற்காகவே எழுந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். நெயில் பாலிஷ் எழுத்தைப் பார்த்தார். விரிசலோடு டார்ச்சை மேலே ஏற்றிக்கொண்டே போனார். அது முடிகிற இடத்தில் டார்ச் நின்றது.

“இது என்ன?”

“எது சார்?”

“பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு. 2008, 2009...” அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு கோடாக ஏறிக்கொண்டே போயிற்று. வெள்ளம் வந்த 2015-இல் ஒரு சாண். அதற்கு மேல் கோடே இல்லை. 2016, 2017 என்று 2024 வரை ஒன்பது வருஷமும் அந்த ஒரே கோட்டுக்குப் பக்கத்தில், இடம் போதாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. “இதை யாரு எழுதினது?”

“நாந்தான் சார். வளருதான்னு பாக்க.”

“2015-க்கு அப்புறம் வளரவே இல்லையா?”

“இல்ல சார். சவுரிமுத்து அதுக்கப்பால அடங்கிட்டாரு.”

பட்டாபிராமன் அந்தப் பெயரை அப்போது விசாரிக்கவில்லை. “மத்த விரிசலுக்கும் இப்படிப் போட்டிருக்கீங்களா? பதினொண்ணுக்கும்?”

“பதினொண்ணு நீங்க ஒட்டினது சார். நா முப்பத்திநாலுக்குப் போட்டுகினு கீறேன்.”

முப்பத்திநாலையும் பார்த்து முடிக்கச் சாயங்காலம் நாலு மணி ஆயிற்று. அக்கா துரட்டியால் காட்ட, அவர் ஏணிமேல் ஏறிப் படம் எடுத்தார், நாடா பிடித்தார், எழுதினார். மதியச் சாப்பாடு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. விரிசலின் முனையில் குறி போட்டுத் தேதி எழுதுவது புஸ்தகத்திலேயே இருக்கிற முறைதான், ஆனால் பதினாறு வருஷம் விடாமல் செய்தவரை நான் பார்த்ததில்லை என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

“இதை ஏம்மா போன ஜூன்லயே சொல்லலை?”

“நீங்க கேக்கலியே சார்.”

“சரி, அந்த சவுரிமுத்து யாரு?”

அக்கா சொன்னார். பட்டாபிராமன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். சட்டைப்பையில் இல்லாவிட்டாலும் எங்கேயோ வைத்திருந்திருக்கிறார்.

கண்ணாடி உடைந்த கதையையும் மறைக்காமல் எழுதி, பென்சில் கோடுகளைப் படங்களோடு சேர்த்து, பழுது பார்த்துக் குடியிருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். அறிக்கையின் ஆறாம் பக்கத்தில், ‘விரிசல் எண் 7 (சவுரிமுத்து): 2015-க்குப் பின் வளர்ச்சி இல்லை’ என்று டைப் அடித்தே இருக்கிறது. அசல் சவுரிமுத்து இதைக் கேள்விப்பட்டு இரண்டு வாரம் அக்காவோடு பேசவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார்.

பழுது பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வடக்கு மூலை உத்தரம் மாறியது. சுண்ணாம்பு புதிதாக ஏறியது. படிக்கட்டில் பென்சில் எழுதிய ஒரு முழம் சுவரை மட்டும் பட்டாபிராமன் பூசவிடவில்லை. தச்சர் எண்பத்தாறு ஜன்னலையும் கழற்றி, இழைத்து, புதுக் கீல் வைத்து மாட்டினார். போன சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியும் பக்கெட்டுமாக முப்பத்திரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு அக்கா எல்லோருக்கும் அறை காட்டுவதிலேயே ஓடிக்கொண்டிருந்தார். சந்தோஷப்படக்கூட நேரமில்லை.

மறுநாள் ஆறரைக்கு வழக்கம்போலத் துரட்டியோடு வந்தார். படிக்கட்டு அருகே போனபோது மேலே திமுதிமுவென்று சத்தம் கேட்டது. ரயிலைப் பிடிக்க ஏழெட்டுப் பெண்கள் கையில் டிபன் டப்பாவும் தோளில் பையுமாகச் சிரித்துக் கத்திக்கொண்டு இறங்கி வந்தார்கள். அக்கா சவுரிமுத்துவோடு முதுகை ஒட்டிக்கொண்டு வழி விட்டார். கண்ணில் தண்ணீர் முட்டிற்று. துடைக்கக் கை வரவில்லை. கடைசியாக வந்த பெண், வினிதா என்று பெயர், துரட்டியைப் பார்த்து நின்றாள்.

“ஜன்னல் தொறக்கவா வந்தீங்க அக்கா? ராத்திரி ஒரே புழுக்கம். எல்லாத்தையும் நாங்களே தொறந்துட்டோம்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். கீழயும்” என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

அக்கா மேலே போய்ப் பார்த்தார். நாற்பத்தைந்தும் திறந்திருந்தது, சிலவற்றில் துண்டு காய்ந்தது. கீழே வந்து எண்ணிக்கொண்டே நடந்தார். நாற்பத்தொன்றும் திறந்திருந்தது, அந்த முதல் ஜன்னல் உட்பட. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பயிற்சி விமானம் தலைக்கு மேல் ஒரு சுற்றுப் போயிற்று. கூடத்தில் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஜன்னலை மெல்லச் சாத்தினார். தச்சர் இழைத்த பிறகு விரல் பட்டாலே திறக்கிற ஜன்னல் அது. அக்கா இடுப்பால் ஓர் இடி இடித்து, துரட்டியால் மேல் கொக்கியை இழுத்து, அதைத் திறந்தார்.